மாப்ள, உன் பையன் மேட்டருக்கு பதில்

மாப்ள,

உன் மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பையன் ரெஸ்லிங்க விட்டுட்டு எம்எம்ஏ, அதான் குத்து, உதை, ரெஸ்லிங் எல்லாம் கலந்த சண்ட, அதுக்கு போறேன்னு வீட்ல குதிக்கிறான், நீயாவது பேசி புரிய வைடான்னு எழுதிருக்க. யாரு சொல்றது பாரு, இன்டர் காலேஜ் மீட்டுக்கு போறப்ப உங்கப்பாட்ட கம்பைன் ஸ்டடின்னு சொல்லிட்டு பஸ் ஏறுனவன் நீ. அட்வைஸ்லாம் எனக்கு வராதுடா. நான் நேர்ல பாத்த ஒருத்தன் கதைய எழுதுறேன், அவனுக்கு படிச்சு காட்டு.

2019 தீபாவளிக்கு மொத நாள், அக்டோபர் 26. இங்க சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் கால் வைக்க எடம் இல்ல, வீட்ல முறுக்கு மாவு வாங்கிட்டு வரச் சொன்னா, நான் நேரா காலாங் போயி இன்டோர் ஸ்டேடியத்துல உக்காந்துட்டேன். அதுக்கு வாங்குன திட்டு இன்னும் முடியல. எம்எம்ஏல பெரிய கம்பெனியான யூஎஃப்சி நடத்துன ஷோ, அன்னிக்கு மெயின் ஃபைட் டெமியன் மாயாவும் பென் ஆஸ்க்ரெனும். நான் போனது ஆஸ்க்ரெனுக்காக.

அவன் அமெரிக்கால மிசௌரி யூனிவர்சிட்டி ரெஸ்லர். 2004லயும் 2005லயும் நேஷனல் ஃபைனல் வரைக்கும் வந்து ரெண்டு தடவையும் ஒரே ஆள்ட்ட தோத்தான். அதுக்கப்புறம் 2006, 2007 ரெண்டு வருசமும் ஒரு மேட்ச் கூட தோக்கல, வரிசையா 87 மேட்ச். காலேஜ் ரெஸ்லிங்ல பெரிய அவார்டான ஹாட்ஜ் டிராஃபியும் ரெண்டு வருசமும் அவனுக்குத்தான். சுருட்ட முடியும் தொப்பையுமா பாக்க ரெஸ்லர் மாதிரியே இருக்க மாட்டான், நம்ம ஹாஸ்டல் மெஸ்ல ரெண்டாவது ரவுண்டு சாம்பார் கேக்குறவன் மாதிரி இருப்பான்.

இதுல ஒரு விசயம் இருக்கு, பையனுக்கு இது புரியும். அமெரிக்க காலேஜ்ல ஆடுறது ஃபோக்ஸ்டைல், நம்ம பசங்க ஆடுற ஃப்ரீஸ்டைல் இல்ல. ஃப்ரீஸ்டைல்ல ஒரு செகண்ட் உன் முதுகு கீழ விரிச்ச மேட்ட பாத்து திரும்புனாலே எதிராளிக்கு பாயிண்ட் போயிரும். ஃபோக்ஸ்டைல்ல அப்பிடி இல்ல, அமுக்கி வச்சிருந்தாத்தான் பாயிண்ட், கீழ கெடக்குறவன எந்திரிக்க விடாம ஏறி உக்காந்திருந்தா அந்த நேரத்துக்கும் பாயிண்ட். ஆஸ்க்ரென் வளந்தது இதுலதான். எவனாவது கால புடிச்சா தடுக்கவே மாட்டான், அப்பிடியே குட்டிக்கரணம் அடிச்சு உருண்டு பெரண்டு கடைசில அவன் மேல இவன் இருப்பான், அதனாலதான் அவனுக்கு ஃபங்கி, ஏடாகூடமானவன்னு பேரு. அதே உருளல் ஃப்ரீஸ்டைல்ல போனா எதிராளிக்கு சும்மா பாயிண்ட் அள்ளி குடுக்குற மாதிரி. 2008 பெய்ஜிங்ல மொத ரவுண்டு ஜெயிச்சான், அடுத்த ரவுண்டுலயே கியூபாக்காரன் ஃபுண்டோராகிட்ட காலி. நாம அப்ப நம்ம ரெஸ்லர் சுஷில் குமார் வெண்கலத்துக்கு ரூம்ல கத்திக்கிட்டு இருந்தோம், அதே ஒலிம்பிக்ஸ்தான்.

ஆனா எம்எம்ஏல அந்த ஏறி உக்கார்ற வித்தைதான் சோறு போட்டுச்சு. 2009ல ஆரம்பிச்சான், 2010ல பெல்லேட்டர்ங்கிற எம்எம்ஏ கம்பெனில சாம்பியன். எல்லாருக்கும் தெரியும் இவன் வந்து கால புடிக்கப் போறான்னு, தெரிஞ்சும் ஒருத்தனாலயும் தடுக்க முடியல. குத்து சுத்தமா வராது. 2013ல 12 ஃபைட் 12 ஜெயம், அப்பவும் பெல்லேட்டர் விட்டுட்டாங்க, யூஎஃப்சி தலைவர் டேனா வைட் எடுக்கல, போர் அடிக்கிற ஃபைட்டர்னு வெளிப்படையாவே கிண்டல் வேற. சரின்னு ஒன் சாம்பியன்ஷிப்ங்கிற சிங்கப்பூர் கம்பெனிக்கு, நம்ம பக்கம் வந்துட்டான். இங்கயும் சாம்பியன். 2017 நவம்பர்ல இதே காலாங்ல ஜப்பான்காரன் ஷின்யா அவோகிய 57 செகண்ட்ல முடிச்சிட்டு ரிட்டயர்னு சொன்னான். 18 ஜெயம், தோல்வி பூஜ்யம். அங்கயே நிப்பாட்டிருக்கலாம்னு எனக்கு இன்னிக்கும் தோணும். ஆனா உலகத்துலயே நீதான் பெஸ்ட்டான்னு கேக்குறவனுக்கு பதில் சொல்லாம எப்பிடிடா வீட்ல உக்கார்றது.

2018ல யூஎஃப்சி தன்னோட பழைய சாம்பியன் டெமெட்ரியஸ் ஜான்சன ஒன் சாம்பியன்ஷிப்புக்கு குடுத்து இவன வாங்கிக்கிச்சு, கிரிக்கெட்ல பிளேயர் மாத்திக்கிற மாதிரி. 2019 மார்ச் ஃபைட்ல ராபி லாலர் இவன மொத நிமிசத்துலயே தூக்கி தலகீழா போட்டு மொகத்த ரத்தமாக்கிட்டான், அதுலருந்து ஆஸ்க்ரென் மீண்டு வந்து கழுத்த நெரிச்சு ஜெயிச்சான். லாலர் மயங்கவே இல்ல, ரெஃப்ரி அவசரப்பட்டுட்டாருன்னு இன்னும் சண்ட ஓடுது. என்னைய கேட்டா அது பாதி ஜெயம்தான்.

ஜூலைல ஹோர்ஹே மாஸ்விடால்கூட ஃபைட். இங்க ஞாயித்துக்கெழம காலைல, தோசக்கல்லுல மாவ ஊத்திட்டு ஃபோன பாத்துட்டு இருந்தேன். மாஸ்விடால் கைய பின்னால கட்டிக்கிட்டு கூண்டுக் கம்பில சாஞ்சு நின்னான், பெல் அடிச்சதும் ஓடி வந்தான், இவன் வழக்கம்போல கால புடிக்க தலய எறக்குனான், அவன் கால் முட்டி நேரா அங்க வந்துச்சு. அவ்ளோதான். 5 செகண்ட். யூஎஃப்சி வரலாற்றுலயே வேகமான நாக்கவுட். தோசைய திருப்பக்கூட இல்லடா. பத்து வருசமா யாராலயும் தடுக்க முடியாத அதே மூவ்லதான் அடி வாங்குனான், எப்ப எங்க தல வரும்னு மாஸ்விடால் கணக்கு போட்டு வச்சிருந்தான்.

மூணு மாசத்துல நான் பாத்த அந்த மாயா ஃபைட். வேடிக்க என்னன்னா கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் நின்னு குத்திக்கிட்டாங்க, ஆஸ்க்ரென் சுமாரா நல்லாவே குத்துனான், அரங்கமே சிரிச்சிச்சு. மூணாவது ரவுண்டுல இவன் மேல இருந்தான், ஜெயிச்சான்னு நெனச்சேன், மாயா கீழருந்து அப்பிடியே பெரட்டி முதுகுல ஏறி கழுத்த லாக் பண்ணிட்டான். உருண்டு பெரண்டு ஜெயிச்சவன அதே உருளல்ல முடிச்சது அந்த 41 வயசுக்காரன். அடுத்த மாசமே ரிட்டயர். இடுப்பு எலும்பு ரொம்ப நாளா போயிருந்துச்சாம், மாத்த வேண்டியதாப்போச்சு.

2021ல யூடியூப் பையன் ஜேக் பால்கூட பாக்ஸிங் ஆடி மொத ரவுண்டுல விழுந்தான், சம்பளம் மட்டும் 5 லட்சம் டாலர். அவன்கூட மிசௌரில ஒண்ணா ஆடுன டைரன் உட்லி, யூஎஃப்சி சாம்பியனா இருந்தவன், அவனும் போயி அதே பையன்ட்ட ரெண்டு தடவ தோத்தான். நான் அதெல்லாம் பாக்கல.

போன வருசம், 2025ல, நிமோனியா வந்து நுரையீரல் ரெண்டும் போயி, ரெண்டையும் மாத்துனாங்க. எந்திரிச்சு வந்து வீடியோல பேசுறான், ஹார்ட் நாலு தடவ நின்னுச்சாம், 50 பவுண்டு எறங்கிட்டானாம், ஒரு மாசம் நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லையாம், அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றான். நான் ட்ரெயின்ல உக்காந்து பாத்துட்டு ஸ்டாப்ப விட்டுட்டேன்.

பையன்ட்ட நான் கேட்டதா ஒண்ணே ஒண்ணு கேளு, கால புடிக்கப் போறப்ப தலய எந்தப் பக்கம் வைக்கிறான்னு. டக்குனு பதில் வந்தா போகட்டும்டா, யோசிச்சான்னா இன்னும் ரெண்டு வருசம் மேட்ல கெடக்கட்டும். பொங்கலுக்கு வர்றேன், ஷூ சைஸ் அனுப்ப சொல்லு, போன தடவ வாங்குனது பத்தலன்னு உன் வீட்ல சொல்லுச்சு.

உன்
மாப்ள