புகைபிடிக்கும் மருத்துவ மாணவனுக்கு அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நீ சிகரெட் பிடிப்பதை அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. அந்தப் பயம் வேண்டாம். அதன் கேடுகளை உனக்கு விளக்கவும் போவதில்லை. நுரையீரல் புற்றுநோயைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன் நீ.

"இரவுப் பணி, தேர்வு நெருக்கடி, சிகரெட் இல்லாமல் மூளை ஓடாது" என்கிறாய். நீ படித்த மருந்தியலை ஒருமுறை உன்மீதே பொருத்திப் பார். புகையிலையிலுள்ள நிகோடின் சில வினாடிகளில் மூளையை எட்டுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 2 மணி நேரம். இரத்தத்தில் அளவு இறங்க இறங்க எரிச்சலும் கவனச் சிதறலும் தலைதூக்குகின்றன. அடுத்த சிகரெட் அவற்றை அடக்குகிறது. கடன் கொடுத்தவனே வட்டி கட்டவும் கைமாற்றுத் தருகிற உபகாரம்தான் இது.

1951-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும் புகையின் விளைவை ஆராயப் பிரிட்டன் மருத்துவர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பினார்கள். 40,000-க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். பிறகு அந்த மருத்துவர்களில் யார் எதனால் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டே வந்தார்கள். நமக்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள் தங்கள் சாவைக்கொண்டு எழுதிய பாடம் அது. 2004-இல் 50 ஆண்டுக் கணக்கு வெளிவந்தது: தொடர்ந்து புகைத்த ஆண் மருத்துவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்கள் மீட்டது சுமார் 3 ஆண்டுகள். 30 வயதில் நிறுத்தியவர்கள் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார்கள். உடனே "அப்படியானால் 30 வரை பிடிக்கலாம்" என்று மனக்கணக்குப் போடுவாய். புகைக்கிற எல்லோரிடமும் அப்படி ஒரு தேதி உண்டு. அது தள்ளிக்கொண்டே போகும்.

உன் ஆயுளைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. புகைக்கும் பயிற்சி மருத்துவர்களை வார்டில் கவனித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட், எத்தனை ஆண்டுகள் என்று நோயாளியிடம் கேட்டு, பெருக்கி, பிசகில்லாமல் கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். "விட்டுவிட நினைத்தீர்களா?" என்ற அடுத்த கேள்வி மட்டும் வாயில் வராது. நோயாளிக்கும் மூக்கு இருக்கிறது அல்லவா! மருத்துவர் 3 நிமிடம் ஒதுக்கிச் சொல்லும் அறிவுரையால் மட்டுமே புகையை விடுகிறவர்கள் உண்டு. நூற்றில் ஓரிருவர்தான் என்றாலும், ஒரு மருத்துவரின் பணிக்காலத்தில் அது எத்தனை பேர் என்று நீயே எண்ணிக்கொள்.

விடுவதென்றால் மனஉறுதி என்று வீரம் பேசாதே. உன் நண்பர்கள் யாரிடமும் மருந்துச் சீட்டு வாங்காதே. முறையாக ஒரு மருத்துவர் முன் நோயாளியாகப் போய் உட்கார். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், வரெனிக்ளின் மாத்திரை எல்லாம் நீ படித்தவைதாம். கம் வாங்கினால் ஓயாமல் மெல்லாதே. காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வை. காரம் அடங்கியபின் மறுபடி மெல். மிட்டாய்போல மெல்கிறவர்கள் விக்கலும் குமட்டலும் வந்து, மருந்தே சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

முதல் வாரம்தான் கடுமை. ஆகவே தேர்வு வாரத்தில் தொடங்காதே. அடுத்த விடுமுறையில் ஒரு நாளைக் குறி. குறித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா