கச்சானும் என் குளிசையும்

மச்சான்,

உனக்கும் வாய் காய்கிறதென்று, எனக்குத் தருகிற குளிசையை நீயும் வாங்கிப் போடலாமா என்று போனில் கேட்டாய். அவசரப்படாதே, முதலில் என் பாட்டைக் கேள்.

கதிர்ச் சிகிச்சை முடிந்ததிலிருந்து வாயில் துப்பல் இல்லை. ஒரு துண்டு பாண் விழுங்க ஒரு கோப்பை தேத்தண்ணி வேண்டும், கோயில் விபூதியை ஒரு சிட்டிகை வாயில் போட்டால் அப்படியே மாவாக நிற்கும். கிளினிக்கில் பைலோகார்பின் 5 மில்லிகிராம் எழுதினார்கள், நாளுக்கு மூன்று, முழுப் பலன் தெரிய 12 கிழமைகூட ஆகலாமாம். துப்பலுக்கு முதல் வந்தது வேர்வைதான். குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சூடாகும், பிறகு நெற்றியில் தொடங்கி முதுகு வழியே ஓடிச் சேர்ட் ஒட்டிவிடும். சூடான கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் திருகோணமலையில் யாருக்குத்தான் வேர்க்காது என்று வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. ஏசி போட்ட வங்கியில் நான் மட்டும் லேஞ்சியால் துடைத்துக்கொண்டு நின்றதைக் கண்ட பிறகுதான் மனிசி நம்பினாள். மூக்கும் ஒழுகும், சலமும் அடிக்கடி. சுரப்பிகளைத் தட்டி எழுப்புகிற மருந்து, வாயில் இருப்பதை மட்டும் பார்த்துத் தட்ட அதற்குத் தெரியாது. வேர்த்துப் போகிற தண்ணீரைக் குடித்து ஈடுகட்டாவிட்டால் உடம்பே வறண்டுவிடும், அதனால் போத்தலும் கையுமாகத்தான் திரிகிறேன்.

இதையெல்லாம் பொறுக்கலாம். கண்தான் பயமாக இருக்கிறது. போன மாதம் இருட்டினபிறகு பிரட்றிக் கோட்டைப் பக்கமாக மோட்டார் சைக்கிளில் வந்தேன், எதிரே வந்த ஓட்டோ வெளிச்சம் பூத்துப் போய், வீதியில் படுத்திருந்த மானைக் கிட்டப் போன பிறகுதான் கண்டேன். இரவில் பார்வை மங்கலாம் என்று முதலே சொல்லித்தான் தந்தார்கள், நான்தான் காதில் போடவில்லை. இப்போது ஆறு மணிக்குப் பிறகு சாவி மகனிடம்.

ஆனாலும் நிறுத்தவில்லை, பாண் இறங்குகிறதே!

உன் விஷயம் வேறு. உனக்குத் தொய்வு இருக்கிறது, இது மூச்சுக்குழாயையும் சுருக்கும், கட்டுப்படாத தொய்வுக்காரருக்குக் கொடுக்கவே கூடாத மருந்து. அப்புறம், தும்மலுக்கென்று இரவில் ஒரு சின்ன மஞ்சள் குளிசை போடுவாயே, அந்த வகை மருந்தே வாயை உலர்த்தும். போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டு, என் மருந்துத் துண்டைக் காட்டி வாங்காதே.

திருவிழாவுக்கு வருவதென்றால் பகல் பஸ்ஸில் வா, இரவில் வந்து ஏற்ற என்னால் முடியாது.