பின் சக்கரத்தில் ஏழு குண்டு

புதுக்கோட்டை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. முட்டிவலிக்கு மாடி ஏறாமல் கீழ் அறைக்கே படுக்கையை மாற்றிக்கொண்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்திக்குக் காது குத்தும்போது எனக்கு முன்கூட்டியே சொல்லு, அங்கன்வாடியில் லீவு சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் ஓசூரிலிருந்து ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போனான்.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னபோது, "முப்பது வருசம் ஆகப்போற வண்டி, அதுக்குப் போயி ஏன் இந்த மல்லுக்கட்டு? புதுசு ஒண்ணு வாங்கிக்கோயேன்" என்று கேட்டாய். அதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1996-ல் சீட்டு எடுத்து வாங்கிய வண்டிதான் அது. நீயும் கூட வந்தாய். போன மாதம் மிதிக்கும்போது "கடக், கடக்" என்று சத்தம் வர ஆரம்பித்தது. கிராங்க் என்கிற பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் ஆணி தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எப்படியும் நாளாகிவிட்டது, மொத்தமாக ஓவராயில் பண்ணிவிடலாம் என்று கடையில் விட்டேன். மூன்று நாளில் தருவதாகச் சொன்னார்கள். பதினேழு நாள் ஆனது. அந்தப் பதினேழு நாளும் எனக்கு எட்டேகால் டவுன் பஸ்தான் கதி. அதை விட்டால் அடுத்தது பத்தேகால். பிள்ளைகள் வந்து வாசலில் நிற்குமே என்று நாலைந்து நாள் நாலு கிலோமீட்டரும் நடந்தே போனேன்.

முதல் நாளே எனக்கு ஒன்று உறுத்தியது. வண்டி என்னுடையது, சத்தம் எங்கே வருகிறது என்று சொன்னதும் நான்தான். கடைக்காரர் பதிலை எல்லாம் துணைக்கு வந்திருந்த சின்னவனைப் பார்த்தே சொன்னார். அவனுக்கு சைக்கிளில் பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாது.

வண்டியை எடுக்கப் போன அன்றைக்கு 1,850 ரூபாய் கேட்டார். என்னென்ன மாற்றினீர்கள் என்றால், "எல்லாம் சேத்துதாம்மா" என்றார். துண்டுச் சீட்டில் "சர்வீஸ்" என்று ஒரே வார்த்தை. ரப்பர் கட்டை வைத்த இரும்புப் பெடல் இரண்டையும் காணோம், பிளாஸ்டிக் பெடல் மாட்டியிருந்தது. அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பழசு எங்கே என்றேன். "அது குப்பைக்குப் போயிருச்சு" என்றார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் இடுப்பு ஒரு பக்கமாக இழுத்தது. பின் சக்கரம் தாளம் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கை விரித்து வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கிராங்க் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை! ஒரு காட்டரைத் திருப்பி அடித்திருக்கிறார்கள். கிராங்க் ஒன்று முன்னாலும் இன்னொன்று பின்னாலும் இருக்கும்படி வைத்தால் ஒரு காட்டரின் நட்டு மேலே, இன்னொன்றின் நட்டு கீழே என்று எதிரெதிராக வர வேண்டும் இல்லையா? இதில் இரண்டும் ஒரே பக்கம். மிதித்தால் இடுப்பு இழுக்காமல் என்ன செய்யும்?

அப்புறம் கோன் ஸ்பானரை எடுத்துப் பின் சக்கரத்தைப் பிரித்தேன். ஆக்சிலை உருவியதும், சக்கரம் சுழல உள்ளே இருக்கும் பால்ரஸ் இரும்புக் குண்டு பேப்பரில் உருண்டு விழுந்தது. எண்ணினேன். ஒரு பக்கம் ஒன்பது, இன்னொரு பக்கம் ஏழு. கிரீஸ் என்ற பேச்சே இல்லை, மண்ணெண்ணெயில் கழுவின வாடை மட்டும் இருந்தது. அந்தச் சாக்கிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் உனக்கு மட்டும் புரியும்.

வாடகை சைக்கிள் கடை அண்ணனை நினைத்துக்கொண்டேன். "முன்னாடி பத்துப் பத்து, பின்னாடி ஒம்போது ஒம்போது, பின்னாடி கால் இஞ்சு குண்டு" என்று நம்மை வாய்ப்பாடு மாதிரி சொல்ல வைப்பாரே! பிரிக்கும்போது தினத்தாளை விரித்து, எந்தக் குண்டு எந்தப் பக்கத்தது என்று தனித்தனியாக வைப்பார். வேலை முடிந்ததும் தேய்ந்த சாமானை அதே பேப்பரில் மடித்து, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்குவார். உன் பொருள் உன்னிடம், என் கூலி என்னிடம் என்ற கணக்கு. அவரிடம் ஒரு நாள்கூட யாரும் பில் கேட்டதில்லை. அந்தப் பேப்பர் பொட்டலமே பில்தான்.

1992-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் நாம் சைக்கிள் பழகியபோது நமக்கு இருபத்திரண்டு வயசு. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த வண்டியில்தான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு பழகினோம். அந்த வருசம் மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் டவுனுக்குள் வந்தோமே, கடைவீதியில் ஆம்பளைகள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். மாவட்டம் முழுக்க லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டப் பழகினார்கள் என்று பிற்பாடு எழுதினார்கள். எனக்கு அந்த லட்சத்தைவிடப் பெரிதாகத் தெரிவது, அதன்பின் பஸ்ஸுக்கோ அண்ணன் தம்பிக்கோ காத்து நிற்காமல் நான் நினைத்த நேரத்துக்குக் கிளம்பியதுதான். அந்தப் பதினேழு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அதை யாரோ என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஏன் மல்லுக்கட்டுகிறேன் என்று கேட்டாயே, இதற்குத்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பதினாறு குண்டையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். சத்தம் போடவில்லை. மேசைமேல் கொட்டி எண்ணச் சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும், இஷ்டம் இல்லேன்னா வேற கடை பாருங்க" என்றார். அப்போது நான் ஒன்று சொன்னேன். இது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் இருப்பதே தனியாக ஒரு தப்பு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், இரண்டு வருசத்துக்குள் போட்டால் போதும். அதற்கு முன்னால் 1915-க்கு ஒரு போன் போட்டுப் புகார் பதிவேன். எழுதி வைத்திருந்த மனுவையும் எடுத்து வைத்தேன். எந்தத் தேதியில் வண்டியை விட்டேன், எந்தத் தேதியில் எடுத்தேன், என்ன கொடுத்தேன், பிரித்தபோது என்ன இருந்தது, எல்லாம் ஒரு பக்கத்தில். வண்டியின் போட்டோவும் கூடவே. உனக்கும் இது மாதிரி ஏதாவது வந்தால் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் தேதியையும் தொகையையும் எழுதி வை. நம் வாய்ச்சொல்லைத் தட்டிக் கழிக்கிற ஆள் காகிதத்தைப் பார்த்தால் உட்காரச் சொல்கிறார்.

அதற்குள் வேலை செய்த பையன் வந்துவிட்டான். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். குண்டை எண்ணிப் பார்த்துவிட்டு, "பின்னாடி ஒம்போதாம்மா வரும்?" என்று கேட்டான். நடிப்பு இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். வண்டிக்கு இவ்வளவு என்று கூலி, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி முடிக்கிறானோ அத்தனை காசு. கடையில் முக்கால்வாசி இடம் சின்னப் பிள்ளைகளின் புது சைக்கிள், வியாபாரமும் அதில்தான். ரிப்பேர் வேலை பின்பக்கம் ஒரு மூலையில் நடக்கிறது. அவனுக்கு யாரும் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கவில்லை. அவன்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது. கடைக்காரர்மேல் இருந்தது போகவில்லை, இன்னும் இருக்கிறது. தெரியாத வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு, அதற்குக் காசையும் வாங்கிக்கொண்டு, "பழைய வண்டி" என்று என்மேலேயே பழியைப் போட்டவர் அவர்தானே?

காட்டரை எப்படித் திருப்ப வேண்டும் என்று பையனிடம் காட்டினேன், அங்கேயே சரிசெய்து கொடுத்தான். கூலி என்று பிடித்ததில் 600 ரூபாயைக் கடைக்காரர் திருப்பித் தந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். மாற்றிய சாமான்களுக்குத் தனித்தனியாக விலை போட்டு பில்லும் எழுதி வாங்கிக்கொண்டேன். பின் சக்கரத்துக்குப் புதுக் குண்டு பதினெட்டும் கிரீஸும் வாங்கி வந்து நானே போட்டேன். மனுவை இன்னும் கிழிக்கவில்லை, பீரோவில்தான் இருக்கிறது.

சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. பெடல் மட்டும்தான் மனசுக்கு ஆகவில்லை. மழையில் இந்தப் பிளாஸ்டிக்கில் செருப்பு வழுக்குகிறது. ஆலங்குடியில் உன் அம்மா வீட்டுக் கொட்டகையில் உன் வண்டி இன்னும் சாத்தித்தானே இருக்கிறது? இனி யாரும் ஓட்டப்போவதில்லை என்றால், பொங்கலுக்கு வரும்போது அதன் பெடல் இரண்டையும் கழற்றி எடுத்து வா. நாள்பட்டு இறுகிப்போயிருக்கும், முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வை. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பது ஞாபகம் இருக்கட்டும், வலப்பக்கமாகத் திருகினால்தான் கழலும்.

உன்னை டபுள்ஸ் வைத்து ஓட்டியவள்