சீருடைச் சுற்றறிக்கை குறித்து மருத்துவமனை நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். செவிலியர்களின் உடை, தலைமுடி, அணிகலன்கள் குறித்துத் தாங்கள் வெளியிட்டுள்ள புதிய சுற்றறிக்கையை எங்கள் பிரிவில் பணிபுரியும் அனைவரும் படித்தோம். பணி மாறும் வேளைகளில் கிடைத்த சில நிமிடங்களில் அதைப் பற்றி விவாதிக்கவும் செய்தோம். எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனினும், உடைக்கு விதியே கூடாது என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எந்த விதி நோயாளியைக் காக்கிறது, எந்த விதி எங்களுக்கு எங்கள் இடத்தைக் காட்டுவதற்காக மட்டும் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க முயன்றோம்.

முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது, மோதிரமும் வளையலும் கைக்கடிகாரமும் கழற்றப்பட வேண்டும், நகங்கள் குட்டையாகவும் பூச்சின்றியும் இருக்க வேண்டும், செயற்கை நகம் கூடவே கூடாது என்ற பகுதியை நாங்கள் முழுமனத்துடன் ஏற்கிறோம். மோதிரத்தின் அடியிலும் நகக்கண்ணிலும் கிருமி தங்கும். மணிக்கட்டில் ஏதேனும் இருந்தால் கை முழுமையாகக் கழுவப்படாது. இவற்றைச் செவிலியர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், இந்த விதிகள் செவிலியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் மட்டும் பொருந்தும் என்று சுற்றறிக்கையின் முதல் வரியிலேயே எழுதப்பட்டிருப்பது எங்களை வியப்பில் ஆழ்த்தியது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர் கண்டறிந்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற பிரசவப் பிரிவைவிட, மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பணியாற்றிய பிரிவில்தான் தாய்மார்கள் மிகுதியாக இறந்தார்கள். பிணக்கூறாய்வு அறையிலிருந்து மருத்துவர்களும் மாணவர்களும் நேரே பிரசவ அறைக்கு வந்ததே அதற்குக் காரணம். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்த பிறகு இறப்பு வெகுவாகக் குறைந்தது. கை யாருடையதாயினும் கழுவாவிட்டால் ஆபத்து ஒன்றுதான் என்பதை அன்றே அவர் காட்டிவிட்டார். இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007இல் முழங்கைக்குக் கீழ் வெறுங்கை என்ற நெறியைக் கொண்டுவந்தபோது, மருத்துவர்களின் முழுக்கை வெள்ளை அங்கியும் அதற்குள் அடங்கியது. நம் மருத்துவமனையில் மட்டும் அந்த அங்கியின் கைகள் கட்டிலுக்குக் கட்டில் உரசிக்கொண்டே செல்கின்றன.

இனி, எங்களால் ஏற்க இயலாத பகுதிக்கு வருகிறேன். கஞ்சியிட்ட வெள்ளைத் தொப்பியை மீண்டும் அணிய வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. பாரம்பரியம் என்பதைத் தவிர வேறு காரணம் கூறவில்லை. அந்தத் தொப்பி தலைமுடியை முழுதாக மூடுவதில்லை, அன்றாடம் துவைக்கப்படுவதும் அரிது, நோயாளியைத் தூக்கிப் புரட்டும்போது குழாயிலும் திரைச்சீலையிலும் சிக்கிக்கொள்கிறது. பல நாடுகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைக் கைவிட்டதற்கு இவையும் காரணங்கள். அடுத்தது, மெல்லிய வெள்ளைத் துணி. பன்னிரண்டு மணி நேரப் பணியில், மாதவிடாய் நாள்களில், ஒவ்வொரு முறை குனியும்போதும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் கவனம் எங்கே இருக்கும் என்று இந்த வரியை எழுதியவர் எண்ணிப் பார்த்திருந்தால், அது வேறு நிறமாக இருந்திருக்கும். கத்தரிக்கோல், டார்ச், பிளாஸ்டர், பேனா ஆகியவற்றை வைத்துக்கொள்ள ஆழமான பை வேண்டும் என்பது யார் நினைவுக்கும் வரவில்லை. நாள்தோறும் துவைத்த சீருடை கட்டாயம் என்ற விதி சரியானதே. ஆனால் ஆண்டுக்கு இரண்டு சீருடைகள் மட்டும் வழங்கி, உடைமாற்றும் அறையும் கொடுக்காமல், அதே உடையில் எங்களைப் பேருந்தில் வீடு திரும்பச் செய்யும் நிர்வாகம் அந்த விதியைத் தானே முறிக்கிறது.

சீருடையே தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. எங்கள் மூத்த செவிலியர் ஒருவர் வெள்ளை உடைக்காக வாதாடினார். நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் முதிய நோயாளிக்கு வெள்ளை உடையைக் கண்டாலே அச்சம் தணிகிறது என்றார். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், இங்கே பெண் மருத்துவரை எல்லோரும் சிஸ்டர் என்றும், ஆண் செவிலியரை டாக்டர் என்றும் அழைப்பதை அன்றாடம் பார்க்கிறோம். பெயரும் பொறுப்பும் பெரிய எழுத்தில் உள்ள அட்டையும், பணி வகைக்கு ஒரு நிறமும் இந்தக் குழப்பத்தைத் தொப்பியைவிட நன்றாகவே தீர்க்கும்.

உடையைவிட எங்களை மிகுதியாக வருத்துவது அதைக் கண்காணிக்கும் விதம். அண்மையில் ஒரு முற்பகல் வேளையில், பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளம் செவிலியர் ஒருவர் இன்சுலின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவரது தலையில் இருந்த நிறக் கிளிப்புக்காக நோயாளியின் கட்டிலருகிலேயே உரத்த குரலில் கண்டிக்கப்பட்டார். அவர் கை நடுங்கியது. மருந்தை எடுத்து வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அந்த நோயாளியோ, இந்த ஊசியை வேறொருவர் போடட்டும் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். அன்று மாலை அதே பிரிவில் மூத்த மருத்துவர் ஒருவரின் அங்கிக் கை கட்டுப்போடும் தட்டில் பட்டது. அந்தப் பெண் அதைக் கண்டார், நானும் கண்டேன், இருவருமே வாய் திறக்கவில்லை. கிளிப்புக்காகக் கண்டிக்கப்பட்டவர், தட்டைப் பற்றிப் பேசத் துணிவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாளை தவறான மருந்தளவு எழுதப்பட்டிருந்தாலும் இதே தயக்கம்தான் அவரைத் தடுக்கும் என்பதே என் கவலை. (இளையவர்களின் காலணிக்காக நானும் ஒரு காலத்தில் அப்படிக் குரல் உயர்த்தியவள்தான், எனக்குக் கற்றுத்தரப்பட்ட முறை அதுவாக இருந்தது.)

செவிலியர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1977ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை எண் 149 கூறுகிறது. நாங்கள் கேட்பது அதற்கு மேல் எதுவுமில்லை. சுற்றறிக்கையை நிறுத்திவைத்து, தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவினரும், மருத்துவர்களும், இரவுப் பணி செய்யும் செவிலியர்களும் அமர்ந்து அதைத் திருத்தட்டும். ஒவ்வொரு விதியின் அருகிலும் அதற்கான காரணம் எழுதப்படட்டும். காரணம் எழுத முடியாத விதி தானாகவே விழுந்துவிடும். நோயாளியைத் தொடும் எவருக்கும் அந்த விதிகள் ஒன்றாகவே இருக்க வேண்டும். உடை பற்றிய கண்டிப்பு எதுவும் கட்டிலருகில் நிகழக் கூடாது என்பதையும் எழுத்தில் சேர்க்க வேண்டுகிறோம்.

புதிய துணிக்கான கொள்முதல் ஆணை இன்னும் கையெழுத்தாகவில்லை என்று அறிகிறோம். ஆகவே மாதிரித் துணியில் தைத்த சில சீருடைகளை முதலில் எங்கள் பிரிவுக்கு அனுப்புங்கள். பகலில் ஒரு வாரமும் இரவில் ஒரு வாரமும் அணிந்து பார்த்து, எங்கே இழுக்கிறது, எங்கே வியர்க்கிறது, எத்தனை துவைப்புக்குப் பிறகு தையல் விடுகிறது என்பதைக் கையெழுத்திட்டு எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
பொது மருத்துவப் பிரிவுச் செவிலியர்கள் சார்பில்,
ஒரு மூத்த செவிலியர்