3816547290: பாப்பாவுக்கு ஒரு கடிதம்

ஜெபல் அலி, துபாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மா, அப்பா, அப்பத்தா சுகமா? ஜூன் 14-ஓட தடைக்காலம் முடிஞ்சிருக்குமே, அப்பா கடலுக்குப் போக ஆரம்பிச்சுட்டாரா? இறால் பாடு எப்படி? தேவிபட்டினத்துல இப்போ கச்சான் காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். இங்கே அனல்தான்.

அங்கே படகு இறங்குற நேரம், இங்கே எங்களுக்கு மத்தியான ஓய்வு தொடங்குது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லேர்ந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம். வேலை கன்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கிறது. கதவுல நாலு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் கட்டத்துக்குள்ள ஒரே ஒரு இலக்கம். முன்னால இருக்கிறதைக் கணக்குப் போட்டுத்தான் அந்தக் கடைசி இலக்கம் வரும். ஒண்ணைத் தப்பா அடிச்சா பெரும்பாலும் அதுவே காட்டிக் கொடுத்துடும்.

கூட இருக்கிற கேரளாக்காரர் ஓய்வு நேரத்துல ஒரு எண் எழுதிக் காட்டினார்: 3816547290. அன்னைக்குத் தூக்கமே வரலை.

0 முதல் 9 வரை ஒவ்வொண்ணும் ஒரே தடவை. முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால வகுபடும். 381 மூணால, 3816 நாலால, 38165 அஞ்சால. இப்படியே பத்து வரைக்கும் மீதியில்லாம போகும். பூஜ்யத்துல தொடங்காம இந்தப் பத்து இலக்கத்தை 32,65,920 விதமா அடுக்கலாம். அத்தனையிலும் இப்படி அமையறது இது ஒண்ணுதான்!

எல்லாத்தையும் போட்டுப் பார்க்க வேண்டாம், பாப்பா. பத்தாவது இடம் 0, அதனால அஞ்சாவது இடம் 5. இரட்டைப்படை இடத்துல எல்லாம் இரட்டை எண். மூணாவது இடம் ஒற்றை எண்ணா இருக்கிறதால, நாலால வகுபடணும்னா நாலாவது இடத்துல 2 இல்லேன்னா 6தான் வரும். எட்டாவது இடத்துக்கும் அதே கதை. அப்போ 4-ம் 8-ம் இரண்டாவது, ஆறாவது இடத்துக்குப் போயாகணும். முதல் மூணு இலக்கம் மூணால, முதல் ஆறு இலக்கம் ஆறால வகுபடறதால, நாலாவது, அஞ்சாவது, ஆறாவது இடத்து இலக்கங்களோட கூட்டுத்தொகையும் மூணால வகுபடணும், அதனால அந்த மூணு இலக்கம் 258 இல்லேன்னா 654. முதல் மூணு இலக்கம் மூணால வகுபடணும், முதல் எட்டு இலக்கம் எட்டால வகுபடணும், இந்த இரண்டையும் பார்த்தா மிச்சம் பத்தே எண். ஒன்பதைப் பத்திக் கவலையே இல்லை, 1 முதல் 9 வரை கூட்டினா 45.

கடைசியா ஏழு. அந்தப் பத்துல ஒன்பது எண் ஏழுகிட்ட மாட்டிக்கும். 3816547 மட்டும் 545221 தடவை சுத்தமா போகும். எண்களோட உலகத்துல இவ்வளவு கறாரா ஒண்ணு இருக்குன்னு நினைச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்குது.

அந்தப் பத்து எண்ணையும் நீயே கண்டுபிடிச்சு அடுத்த கடிதத்துல எழுதி அனுப்பு. கால்குலேட்டர் வேண்டாம், பென்சில் போதும். அப்பா வலைக்குக் கேட்ட பணம் திங்கக்கிழமை அக்கவுண்ட்ல ஏறிடும்னு சொல்லு.

அன்புடன்,
அண்ணன்