மேடைக்கும் சாய்தளம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவர் சங்கக் கிளைகளில் புதிய நிர்வாகிகள் பதவியேற்கும்போது, 'அனைவரையும் அரவணைத்துச் செல்வோம்' என்று உறுதி தருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கூட்டம் நடக்கும் நேரம், மண்டபத்தின் படிக்கட்டு, உறுப்பினர் படிவம், புகார் கொடுக்கும் வழி எல்லாம் பழையபடியே இருந்தால், வெளியே நிற்பவர்கள் வெளியேதான் நிற்பார்கள்.

ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். அந்தக் கூட்டத்தை இரவு எட்டரைக்கு நட்சத்திர ஹோட்டலில் தொடங்கி மது விருந்தோடு முடித்தால், கைக்குழந்தை உள்ளவரும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடைசிப் பேருந்தில் திரும்ப வேண்டியவரும் எப்படி வருவார்கள்? ஞாயிறு பிற்பகல் 2 முதல் 5 வரை, மருத்துவக் கல்லூரி அரங்கில் நடத்தலாம். குழந்தைகளுக்கு ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வைப்பது பெரிய செலவே அல்ல.

சாய்தளம் என்ற பெயரில் பல இடங்களில் ஸ்கூட்டர் ஏற்றும் சரிவைத்தான் கட்டுகிறார்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். வாசற்படி இரண்டடி என்றால் 24 அடி. நீளத்தைக் குறைத்தால் ஏறும்போது சக்கர நாற்காலியை ஆள் தள்ள வேண்டும், இறங்கும்போது அது முன்பக்கம் கவிழும். இடம் போதாவிட்டால் நடுவே சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். இதைவிடப் பெரிய தவறு, வாசலைக் கவனித்துவிட்டு மேடையை மறப்பது. கைப்பிடி இல்லாத நான்கு படிகள். மேலே, நின்று பேசுபவருக்கு மட்டுமே எட்டும் மைக். சக்கர நாற்காலியில் வரும் மருத்துவர் கேட்டுவிட்டுப் போகலாம், பேச முடியாது. செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஸ்லைடுகளை இரண்டு நாள் முன்பே அனுப்ப வேண்டும். விளக்கை அணைக்கும்போது பேசுபவரின் முகத்தில் மட்டுமாவது வெளிச்சம் இருக்க வேண்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1875இல். இன்றும் பல கிளைகளில் பெண்களுக்கு மகளிர் பிரிவு, ஆண்களுக்குப் பொருளாளர் பதவி என்பதே எழுதாத விதி.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது புகார் வழிதான். மாநாட்டில் ஒரு மூத்தவர் முதுநிலை மாணவியிடம் அத்துமீறினால், 'வெளியே நடந்தது' என்கிறது மருத்துவமனை. 'அவர் எங்கள் ஊழியர் இல்லை' என்கிறது சங்கம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி (2013), பணி நிமித்தம் செல்லும் இடமும் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அலுவலகத்தில், இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்காது. அங்கே மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவை அணுக வேண்டும். இது பலருக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இருவரும் கைவிரிக்க, அலைச்சலிலேயே அந்த மூன்று மாதம் கரைகிறது. ஆகவே ஒவ்வொரு மாநாட்டுக்கும் சங்கமே முன்வந்து ஒரு குழு அமைக்கட்டும்: தலைமைக்கு ஒரு மூத்த பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், சங்கத்துக்கு வெளியிலிருந்து ஒருவர். அவர்களின் தொலைபேசி எண்ணை அடையாள அட்டையின் பின்புறம் அச்சிடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் நிர்வாகியானால், விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று துணைவிதியில் எழுதவேண்டும். எழுதாவிட்டால், 'பெரியவர், பேசி முடித்துக்கொள்ளலாம்' என்ற சமாதானமே நடக்கும்.

உறுப்பினர் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள் போதாது. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014இல். ஒருவரின் பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியதையும் கிளைக் கூட்டங்களில் வாசித்துக் காட்ட வேண்டும்.

உறுப்பினர், நிர்வாகி, பேச்சாளர் என்று தனித்தனியே எத்தனை பெண்கள், எத்தனை மாற்றுத்திறனாளிகள், எந்தெந்தச் சமூகத்தினர் என ஆண்டுதோறும் கணக்கெடுக்கலாம். சாதி, மாற்றுத்திறன் பற்றிய கேள்விகளைப் பெயர் எழுதாத தனித்தாளில், விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் கேட்க வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவான எண்ணை அப்படியே வெளியிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பக்கத்துப் பிரிவோடு சேர்த்துப் போடுவது நல்லது. ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்குக்கு அடுத்த பக்கமே இந்தக் கணக்குக்குச் சரியான இடம்.

இப்படிக்கு,
ஒரு மூத்த மருத்துவர்,
திருச்சி.