டூட்டி மாறும் பதினைந்து நிமிடம்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் டீன்களுக்கும் நர்சிங் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன வருஷம் அப்பாவைக் கால் புண்ணுக்காக ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சர்க்கரை நோயாளி. அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் பதினொரு நாள் படுத்திருந்தவள் நான்.

நான்காம் நாள் ராத்திரி, டூட்டி மாறும் நேரம். சாயங்கால சிஸ்டர் இன்சுலின் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். கேஸ் ஷீட் வார்டில் இல்லை. எலும்பு டாக்டரிடம் காட்ட ஹவுஸ் சர்ஜன் எடுத்துப் போயிருந்தார். இரவு சிஸ்டர் ஊசியோடு வந்து நின்றார். "இப்பதான் போட்டாங்க சிஸ்டர்" என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த முந்தைய சிஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் ஊசியைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து நான் டீ வாங்கப் போயிருந்தால்?

அன்றைக்கு அப்பா இட்லியைத் தொடவே இல்லை. தட்டை எடுத்த ஆயாம்மாவுக்கு அது தெரியும். சாப்பிடாத சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு ஊசி என்ன செய்யும் என்பது சிஸ்டருக்குத் தெரியும். இந்த இரண்டும் ஓரிடத்தில் சேரவே இல்லை.

அந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருவர் டூட்டி முடியும் நிமிடத்தில்தான் அடுத்தவர் டூட்டி தொடங்குகிறது. ஓவர் கொடுக்கும் நேரம், அதாவது நோயாளிகளின் நிலையை அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைக்கும் நேரம், யார் கணக்கிலும் இல்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேசையருகே நின்றபடி, வீட்டுக்குப் போகும் நேரத்திலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது குழந்தை மருத்துவமனைகளில், பயிற்சி டாக்டர்கள் ஓவர் கொடுப்பதற்கு ஒரே ஒழுங்கைப் பழக்கினார்கள். கேட்டுக்கொண்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. 2014இல் வெளிவந்த முடிவுப்படி மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. பேசும் நேரமோ கூடவில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டரை நிமிடம்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். அட்டவணையில் பதினைந்து நிமிடம் இரண்டு டூட்டியும் சேர்ந்திருக்கட்டும். ஊசி மருந்து போடப்படும் நோயாளிகளுக்காவது கட்டிலருகே நின்று ஓவர் கொடுக்கட்டும், வாங்குபவர் திருப்பிச் சொல்லட்டும். கேஸ் ஷீட் வெளியே போனால் கட்டிலில் ஒரு சீட்டுத் தொங்கட்டும். அப்புறம், "சாப்பிட்டாரா?" என்று ஆயாம்மாவிடமும் எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.